கறுப்பு உரிந்த வால்வும் தொட்டனியோ அண்ணையும்

நெடுந்தீவுத் துறையிலிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் உள்ள அத்தனை கடலிலும் அத்தனை கரையிலும் தொட்டனியோ அண்ணையைப்போலப் பயந்த மனிதர் ஒருவர் பிறந்ததில்லை. மற்றவர்கள் பேய்க்குப் பயப்படுவார்கள், பாம்புக்குப் பயப்படுவார்கள், சோழகக் காற்றுக்குப் பயப்படுவார்கள். அவற்றுக்கெல்லாம் அவரும் பயந்தவர்தான். ஆனால் அவை அவருடைய சில்லறைப் பயங்கள். ஒன்றோடொன்று உராய்ந்து சூடாகிற பொருள்கள்தாம் அவருடைய பெரிய பயம். இப்படிப்பட்டவரிடம்தான் தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றிப்போகிற எங்கள் லோஞ்சு என்ற மோட்டார்ப் படகையும் அதன் இஞ்சினையும் அதில் ஏறுகிற எல்லாருடைய உயிரையும் ஒப்படைத்திருந்தார்கள்.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாருக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்கலாம். மற்ற எவருக்கும் தெரியாது. எந்தப் பொருள் ஓடி நின்றாலும் பக்கத்தில் வந்து, தொட்டுப் பார்த்தாயா என்ற பொருளில், "தொட்டனியோ?" என்று கேட்பார்; அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பதிலுக்குக் காத்திராமல் தானே புறங்கையை வைத்துப் பார்ப்பார். கிணற்றுக் கப்பி, தையற்காரரின் மெஷின், சைக்கிள் சில்லு எதுவும் தப்பாது. ஒருமுறை பெரிய காணிக்காரர் ஒருவருடைய வண்டிலை நடுத்தெருவில் மறித்துக் குனிந்து தொட்டார்.

"என்ன காணும், மாட்டுக்குக் காய்ச்சலோ?" என்று காணிக்காரர் கேட்டார்.

"மாடு தப்பியிடும் ஐயா. அச்சுத்தான் தப்பாது."

காணிக்காரரை இறக்கி, வெயிலில் வீடுவரைக்கும் நடக்க வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பள்ளிக்கூடம் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் லோஞ்சில் ஏறியபோது, அண்ணை அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்தார். முகம் வெளிறிவிட்டது. "உள்ளுக்கை அரைக்குது ஐயா. நித்திரை கொள்ளேக்கையாவது நிப்பாட்டி வையுங்கோ, பாவம்" என்றார். அதிகாரி மறுநாள் பள்ளிக்கு வந்தபோது மத்தியான மணி அடித்துவிட்டது. சொன்னபடி நிப்பாட்டியிருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடத்துப் படி ஏறியவள் நான். எங்கள் ஊரான சுருவிலில் வீட்டு வளவுக்குள் கடிதம் வந்தால், நான் படிக்கும்வரை அது வெறும் கடதாசி. ஆசிரியை நியமனம் கிடைத்து நெடுந்தீவுக்குப் புறப்பட்ட அன்று, அந்தத் தகுதிக்கு ஏற்ற மாதிரி நிமிர்ந்து லோஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. அதை எவருக்கும் சொல்லவில்லை.

நயினாதீவைத் தாண்டியதும் இஞ்சின் நின்றது. இஞ்சின் சத்தம் காதைப் பிளக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது நின்ற பிறகுதான் கடலின் சத்தம் கேட்டது. அதைவிட இஞ்சின் சத்தம் எவ்வளவோ இனிமை. லோஞ்சு மெல்லத் திரும்பி, நாங்கள் போக வேண்டாத பக்கத்துக்கு முகத்தை வைத்தது.

"உடைஞ்சு போச்சோ?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கியதாகச் சிலர் பிறகு சொன்னார்கள். நடுங்கியது லோஞ்சு.

"இல்லை ரீச்சர், நான்தான் நிப்பாட்டினனான்" என்றார் தொட்டனியோ அண்ணை, இஞ்சினில் புறங்கையை வைத்தபடி. "கொஞ்சம் காய்ச்சல். ஆறட்டும்."

பழகிய பயணிகள் சாப்பாட்டுப் பொட்டலங்களை அவிழ்த்தார்கள். ஒருவர் படுத்துக் குறட்டை விட்டார். "இவரோடை போறதிலும் பாக்க நடந்து போகலாம்" என்று ஒரு கிழவி சொன்னாள். கடலில் எப்படி நடப்பது என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை. அவளும் மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அவரோடுதான் போய்வந்தாள்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது சண்டைக் காலம். இஞ்சினுக்கு உதிரிச் சாமான் ஒன்றும் வராது. எரிந்த புகையை வெளியே விடுகிற வால்வு சூட்டில் தின்னப்பட்டுப் போய்விட்டது. அந்த வால்வைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காளான் மாதிரி ஒரு தலை, கீழே நீண்ட தண்டு. தலை நெருப்புப் புகையில் வேகும். தண்டு ஒரு குழலுக்குள் மேலும் கீழும் ஓயாமல் வழுக்கி ஓடும்.

முதலில் அலவாங்கு என்ற கடப்பாரையின் நுனியை வெட்டி அண்ணை ஒரு வால்வு செய்வித்தார். பிறகு வண்டில் அச்சில் இன்னொன்று. "குளிரேக்கை ராசா மாதிரி நிப்பினம் ரீச்சர். சூடேறினால் மெழுகு. குழல் கடிச்சுத் துப்பிப்போடும்" என்றார். கடைசியில் ஊர்காவற்றுறைப் பட்டறை ஒன்றில், இரும்பையே செதுக்குகிற கடைச்சல் உளி ஒன்று பழசாகிக் கிடந்தது. செந்தணலாகச் சிவந்தாலும் இளகாத உருக்கு அது. ஒரு கொழுத்த கடாவைக் கொடுத்து அதை வாங்கி, அங்கேயே அடித்துக் கடைந்து வால்வாக்கினார். கடாவுக்காக அவருடைய மனைவி வெகுகாலம் அவரோடு கதைக்கவில்லை. அதுவும் ஒரு பயமாக அவருடைய கணக்கில் சேர்ந்தது.

அந்த உருக்கும் முதலில் கடிபட்டதாம். கீச்சிட்டு, கீறுப்பட்டு, சிவப்புத் தூள் கொட்டியதாம். பிறகு ஒருநாள் சத்தம் நின்றது. கழற்றிப் பார்த்தால், தண்டிலே கறுப்பாக, பளபளவென்று ஒரு தோல். அதன்பிறகு தேய்மானமே இல்லை.

"அந்தச் சூட்டிலை எண்ணெய் நிக்காது ரீச்சர், எரிஞ்சு போகும். தேய்ஞ்சு விழுந்த தூளே திரும்பி ஒட்டி, அரைபட்டு, தோலாய் வந்திருக்கு. இப்ப உருக்கில்லை உராயிறது, தோல்தான்" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். "கொதிச்சால் உரியும். குளிர்ந்தால் பிடிக்காது. அதுதான் வழியிலை நிப்பாட்டி நிப்பாட்டித் தொட்டுப் பாக்கிறனான்."

இரும்பு காற்றோடு சேர்ந்து சூட்டில் கறுக்கும் என்று நான் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். "ஓம், அது உங்கட புத்தகத்திலை இருக்கும். இந்த வால்வு புத்தகம் படிச்சதோ தெரியாது" என்றார். கொஞ்ச நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. அவருடைய மனைவிக்குத் துணையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த விஜயதசமி.

ஆயுத பூசைக்கு லோஞ்சை நிறுத்தி, இஞ்சினைக் கழற்றிக் கரி சுரண்டி, முக்கியமான சாமான்களை லோஞ்சு முதலாளி வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். அண்ணை கிறிஸ்தவ வேதக்காரர். ஆனாலும் அந்த வீட்டில் கைகூப்பி நிற்பார், திருநீறும் வாங்குவார். "எந்தப் பக்கத்தாலை உதவி வருமெண்டு ஆருக்குத் தெரியும்" என்பார். நெடுந்தீவில் கலியாணம் செய்திருந்த அக்காவின் வீட்டில் நான் தங்கியிருந்தேன்; அவவின் பிள்ளைப்பேறு பார்க்க அம்மாவும் வந்திருந்தா. முதலாளி வீடு பக்கத்து வளவு. என்னுடைய புத்தகங்களையும் அம்மா அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டா. ஆகவே என் இலக்கணப் புத்தகமும் அண்ணையின் வால்வும் ஒரே பாயில் அருகருகே இருந்தன. வால்வைச் சீலைத் துண்டில் சுற்றி, புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

சுற்றி வைத்ததுதான் வினையாயிற்று. சாமிக்கு முன்னால் என்ன பொட்டலம் என்று முதலாளி அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே கரிக்கட்டை மாதிரி ஒரு சாமான். மற்றதெல்லாம் வெள்ளியாக மினுங்க, இது மட்டும் அழுக்காக இருப்பதா? முதலாளி பக்தியுள்ளவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே உட்கார்ந்தார். செங்கட்டித் தூளும் பழப்புளியும் போட்டு, முகம் தெரியும்வரை தேய்த்தார். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விடியவே அக்காவுக்குப் பிரசவ நோ கண்டது. தலைப்பிள்ளை. அத்தான் கொழும்பில் கடையில் நின்றார். வெயில் ஏறியபோது மருத்துவிச்சி வெளியே வந்து, அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை குறுக்கை கிடக்கு. என்னாலை ஏலாது. ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. மத்தியானம் திரும்பினால் பிறகு சொல்லேலாது" என்றா.

சொல்லேலாது என்ற அந்தச் சொல்லைப்போல ஒன்றை நான் அதுவரை படித்த எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

முதலாளி வீட்டுக்கு ஓடினேன். அண்ணை அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் சாமான்களைக் கூடைக்குள் எடுத்து வைக்க வந்தவர், வால்வைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். அது வெள்ளிப் பாத்திரம்போல மினுங்கியது.

"அண்ணை, கெதியாய் இஞ்சினைப் பூட்டுங்கோ. அக்காவைக் கொண்டு போகவேணும்."

"ஏலாது ரீச்சர். தோல் போச்சு."

"என்ன தோல்? பூசையிலை இருந்த சாமான் காணும் அது. சாமியே உள்ளை இருக்கிறா. என்ன பயம்?" என்றார் முதலாளி.

அண்ணை அவரோடு வாதாடவில்லை. சாமான்களை அள்ளிக்கொண்டு துறைக்கு ஓடினார். அழுதுகொண்டே இஞ்சினைப் பூட்டினார். அக்காவைக் கட்டிலோடு தூக்கி வந்து லோஞ்சில் வைத்தபோது வேலை முடிந்திருந்தது. அவர் மட்டும் கரையில் இறங்கி நின்றுவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஏசினார்கள். ஒருவர் அடிக்கவும் போனார். அம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றா.

"என்ன தம்பி, என்ன நடந்தது? எனக்கு விளங்கச் சொல்லு."

"அம்மா, பழகின அப்பச்சட்டியைப் புளி போட்டு மினுக்கினால் என்ன நடக்கும்?"

"அப்பம் ஒட்டும்."

"இதுக்கும் அதுதான். நடுக்கடலிலை ஒட்டினால் இஞ்சின் நிண்டிடும். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிடும்."

அம்மா திரும்பி முதலாளியைப் பார்த்தா. "ஆர் மினுக்கினது?" அவ்வளவுதான் கேட்டா. அடுப்படிப் பக்கம் வாழ்நாளில் போயிராத முதலாளி தன் கைகளை வேட்டிக்குள் மறைத்தார்.

"அப்பச்சட்டி எண்டால் என்ன செய்வியள் அம்மா?" என்று அண்ணை கேட்டார்.

"எண்ணெய் பூசி, அளவான நெருப்பிலை வைச்சுப் பழக்குவன். ரெண்டு மூண்டு அப்பம் வீணாய்ப் போகும். பிறகு சரிவரும்."

"என்னட்டை வீணாக்க அப்பம் இல்லையே அம்மா."

அக்கா லோஞ்சுக்குள் இருந்து ஒருமுறை கத்தினா. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்ப, பழக்கிக்கொண்டே போ" என்றா.

"எனக்குப் பயமாய்க் கிடக்கு."

"எங்களுக்கும்தான். ஏறு."

ஏறினார். முதலாளியையும் அம்மா ஏற்றினா. "மினுக்கினவரும் வரவேணும்" என்றா.

துறையை விட்டுப் புறப்பட்டோம். லோஞ்சு நடை வேகத்தில் ஊர்ந்தது. கரையில் மேய்ந்த நெடுந்தீவுக் காட்டுக் குதிரைகூட எங்களைவிட வேகமாக நடந்தது. இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, நித்திரையில் பல்லைக் கடிக்கிற மாதிரி. சுக்கானை வேலைக்காரப் பொடியன் பிடிக்க, அண்ணை ஒரு கையில் வேகப்பிடியைப் பிடித்திருந்தார். மறு புறங்கையை இஞ்சினில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அருள்நிறை மரியே பாதி, நாகபூசணி அம்மனே பாதி.

"கெதியாய் விடும் காணும்" என்றார் முதலாளி.

"கெதியாய் விட்டால் கடிபடும்."

"அப்ப நிப்பாட்டி ஆறவிடும்."

"ஆறினால் தோல் பிடிக்காது. நீங்கள் பேசாமல் இருங்கோ முதலாளி." முதலாளியிடம் அவர் அப்படிப் பேசியதை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. பேசிவிட்டு அதற்கும் பயந்தார்.

கரை பின்னால் ஒரு கோடாகப் போனபோது, தென்கிழக்கில் ஒரு கறுத்த முகில் எழும்பியது. அந்த நேரத்தில்தான் இஞ்சின் இருமிற்று. ஒருமுறை கீச்சிட்டது. நின்றது.

அந்த அமைதியை நான் அறிவேன். லோஞ்சு மெல்லத் திரும்பியது. அக்கா கத்துவதை நிறுத்தியிருந்தா. அது கத்தலைவிடப் பயங்கரம். மருத்துவிச்சி அக்காவின் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தா. அம்மா அக்காவின் காலைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தா. எங்கள் லோஞ்சு பக்கவாட்டாக இழுபட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. படித்தவள் பயப்படக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அந்தக் கொள்கை எந்த இடத்தில் கடலுக்குள் விழுந்தது என்று இப்போதும் என்னால் காட்ட முடியும்.

"ஒட்டிப் போச்சு" என்றார் அண்ணை. சுத்தியலின் மரப்பிடியால் தட்டினார். கொஞ்சம் எண்ணெயைக் கோழி இறகால் தொட்டு வைத்தார். மறுபடி தட்டினார். தண்டு கிளிக்கென்று இறங்கியது. கைப்பிடி போட்டு இஞ்சினைச் சுழற்றினார். அது இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. பல்லைக் கடிக்கிற சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தை நான் கும்பிட்டேன்.

பிறகுதான் கவனித்தேன், அவர் கண்களை இறுக்கி மூடியிருந்தார்.

"ரீச்சர், இஞ்சை வாங்கோ. அந்தச் சுருள் கம்பிக்கு இடையிலை தண்டு தெரியும். எனக்குப் பாக்கப் பயமாய்க் கிடக்கு. நீங்கள் பாத்து நிறத்தைச் சொல்லுங்கோ."

சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்தேன். வெக்கை முகத்தில் அடித்தது. கம்பிச் சுருளுக்கு நடுவே தண்டு மேலும் கீழும் துள்ளியது.

"வெள்ளையாய்க் கிடக்கு."

"பாருங்கோ. பாத்துக்கொண்டே இருங்கோ."

வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் குரல் ஒன்றுதான் என்னிடம் நடுங்காமல் மிச்சமிருந்தது. "வைக்கோல் நிறம்." அவர் பிடியை ஒரு மயிரளவு கூட்டினார். "மண்ணிறம்." கீச்சென்றது, குறைத்தார். "நாவற்பழ நிறம். இல்லை, நீலம்." முகில் தலைக்கு மேலே வந்து, பெரிய துளிகள் விழுந்தன. முதலாளி தன் சால்வையைக் கழற்றி இஞ்சினுக்கு மேலே குடையாகப் பிடித்தார். ஒருவரும் சொல்லவில்லை, தானாகவே பிடித்தார். நயினாதீவுக் கோயில் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தபோது அந்தச் சத்தம் குறையத் தொடங்கியது. பல்லைக் கடித்தது, பிறகு முணுமுணுத்தது, பிறகு பூனை உறுமுவதுபோல ஆயிற்று.

"இப்ப?"

"கறுப்பு."

"சுரசுரத்த கறுப்போ, மினுங்கிற கறுப்போ? வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ ரீச்சர். இதிலைதான் எல்லாம் கிடக்கு."

நன்றாகக் குனிந்து பார்த்தேன். "மினுங்குது அண்ணை. அம்மான்ர அப்பச்சட்டி மாதிரி."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. சிலுவை போட்டார். பிடியை முழுவதும் தள்ளினார்.

அந்த லோஞ்சுக்கு அப்படி ஓடத் தெரியும் என்று அதைக் கட்டியவருக்கே தெரிந்திராது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர்போல எழும்பியது. எழுவைதீவுப் பக்கம் தோணியில் நின்ற மீன்காரர்கள், இது வேறு லோஞ்சு என்று நினைத்து எங்களுக்கு வழிவிட்டார்கள்.

"ஆறுதலாய் விடும், ஆறுதலாய் விடும்" என்று கத்தினார் முதலாளி.

"தொட்டனியளோ முதலாளி?" என்று கேட்டார் அண்ணை, கண்ணை மூடியபடியே. "தொட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

ஊர்காவற்றுறைத் துறையில் அக்காவை இறக்கியபோது சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை. பிள்ளை ஆசுப்பத்திரியில் பிறந்தது. பெண். அக்காவுக்கு நினைவு திரும்பி, முதலில் கேட்டது சோறு. அப்போதுதான் நான் அழுதேன். பயம் தீர்ந்த பிறகு அழுவதற்குத் தடையில்லை என்று என் கொள்கையைத் திருத்திக்கொண்டேன்.

மறுநாள் அண்ணை ஆசுப்பத்திரி வாசலில் வந்து நின்றார். மருந்து மணத்துக்கும் பயம். அம்மா பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்டினா.

"தொட்டுப் பார் தம்பி. நீ கொண்டுவந்து சேர்த்த பிள்ளை."

கப்பியையும் அச்சையும் அதிகாரியின் கடிகாரத்தையும் விட்டுவைக்காத அந்த மனிதர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"ஏலாது அம்மா. புதுத்தோல். என்ர கை சுரசுரத்தது. முதல் கறுப்புப் பிடிக்கட்டும்."

"என்ர பிள்ளை ஏன் கறுக்கப்போறாள்?" என்று உள்ளேயிருந்து அக்கா கோபப்பட்டா.

அதன்பிறகு ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அந்த வால்வு கரியோடுதான் சாமிக்கு முன்னால் இருந்தது. முதலாளி தானே அதற்குப் பக்கத்தில் பாய் போட்டுக் காவல் படுத்தார். பிள்ளை லோஞ்சில் போகிற போதெல்லாம் அண்ணை எட்ட நின்றே பார்ப்பார். "பிடிச்சிட்டுதோ?" என்று என்னிடம் கேட்பார். "இன்னும் இல்லை அண்ணை" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு இஞ்சினைத் தொடப் போய்விடுவார். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, அவரை மாமா என்று கூப்பிட்டது. அவர் தொடவில்லை.

போன மாதம் அவள் நெடுந்தீவுத் துறையில் ஓடிவந்து கல்லில் இடறி விழுந்தாள். அதற்குச் சில நாள்கள் கழித்து லோஞ்சில் ஏறியபோது, சட்டையைத் தூக்கித் தன் முழங்காலை அவருக்குப் பெருமையாகக் காட்டினாள். காயம் ஆறி, கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அண்ணை குனிந்து வெகுநேரம் பார்த்தார். கையை இடுப்புச் சாரத்தில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தார். பிறகு புறங்கையை மெல்ல அவளுடைய நெற்றியில் வைத்தார்.

"காய்ச்சல் இல்லை" என்றார்.

அன்றைக்கு லோஞ்சு வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. ஒருவரும் அவரை ஏசவில்லை.